சிவப்புப் பை

"இது காகிதத்தோட வரக்கூடாதுங்க. யார் வீட்டுது?" என்று கேட்டாள் குப்பை வண்டிக்காரப் பெண்.

அவள் கையுறையில் இருந்தது என் பொட்டலம். பழைய செய்தித்தாளில் சுற்றி, செய்தித்தாள் கட்டுக்கு நடுவே நான் செருகி வைத்திருந்தது. ஒரு மூலை பிரிந்து, உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பர்.

நான் கையிலிருந்த பச்சைப் பையின் முடிச்சை இறுக்கினேன்.

போன வாரம் வரை இந்த வம்பெல்லாம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் திணித்து, முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தால் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். உள்ளே என்ன என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

இன்று முதல் புது ஏற்பாடு. மாடியேறி யாரும் வரமாட்டார்கள். வண்டி கேட்டருகே நிற்கும், நாம்தான் இறங்கிப் போய்க் கொடுக்க வேண்டும். காய்கறித் தோலெல்லாம் பச்சைப் பையில். காகிதமும் பிளாஸ்டிக்கும், உள்ளே இருப்பது தெரிகிற பையில். டயப்பர் வகையறா சிவப்புப் பையில். இதை உட்கார்ந்து யோசித்த மகராசன் யாரோ, என் வயிற்றெரிச்சலை நன்றாகக் கொட்டிக்கொண்டான்.

எங்கள் கட்டடத்தில் கைக்குழந்தையே கிடையாது. சிவப்புப் பையோடு யார் இறங்கினாலும், உங்கள் வீட்டில் யாருக்கு என்பதுதான் அடுத்த கேள்வி.

என் வீட்டுக்காரருக்கு.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டராக இருந்தவர். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அன்றிலிருந்து மனிதர் படியிறங்கவில்லை. தேடி வந்த நண்பர்களிடம் தூங்குகிறார், தூங்குகிறார் என்று நான் சொல்லிச் சொல்லி, அவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள். வெளியில் ஒருத்தருக்குத் தெரிந்தாலும் இந்த வீட்டில் இருக்கமாட்டேன், எங்கேயாவது போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். எனக்கு அதுதான் பயம்.

அதனால்தான் சிவப்புப் பையைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, வெள்ளோட்டமாக ஒரே ஒரு பொட்டலத்தை மட்டும் காகிதத்தோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லார் வீட்டுக் காகிதத்தையும் அங்கேயே ஒன்றாகக் கொட்டிப் பிரிப்பார்கள் என்று யார் கண்டது.

கேட்டைச் சுற்றி எல்லா வீட்டுக்காரர்களும் நின்றார்கள். அது என் பையிலிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்தது ஒரே ஒரு ஆள்தான். பக்கத்தில் நின்ற, எங்களுக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் தையல்கார அக்கா.

போயும் போயும் அவரா. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களின் வாயைப் பிடுங்கி, சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுகிறவர். வானொலி என்று எங்கள் வீட்டுக்குள் அவருக்குப் பெயர். உபயம், என் வீட்டு மாஸ்டர்.

அக்கா பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிமிர்ந்து எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அங்கே திரைச்சீலை அசைந்தது.

போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னோடதும்மா அது," என்றார் அக்கா, வழக்கம்போல இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரலில். "எனக்குத்தான். தும்மினாப் போதும், நிக்கமாட்டேங்குது. பை மாறிப்போச்சு, அடுத்த தடவை சரியா வச்சிடறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்த பக்கம் அக்கா ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வண்டிக்காரப் பெண் பொட்டலத்தைச் சிவப்புத் தொட்டியில் போட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார்.

பச்சைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஓடிப்போய் அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. அந்த வாயையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினேன்? எத்தனை பெரிய மனசு இருந்தால் அடுத்த வீட்டு அவமானத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஊரறிய அப்படி ஒரு பொய்யைச் சொல்ல முடியும். நல்லா இருக்கணும் அக்கா, நூறு வருஷம் இருக்கணும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

பச்சைப் பையைக் கொடுத்துவிட்டு மாடியேறினேன். எங்கள் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

உள்ளே அவர் இல்லை.

படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. ஜன்னல் திரைச்சீலை ஒருபக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே போகும்போது போடுகிற சட்டையும் ஆணியில் இல்லை. நான் மேலே வந்த வழியில் யாரும் இறங்கவில்லையே என்று யோசிக்கக்கூடத் தோன்றாமல் வாசலுக்கு ஓடினேன்.

மேல்மாடியிலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

நன்றி சொல்லப் போயிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன்.

ஒரு சிவப்புப் பை. நிறைந்து, வாய் கட்டியிருந்தது.

"அந்தம்மா பொய் சொல்லலை," என்றார். கண் கலங்கியிருந்தது. "இதை எப்படி எடுத்துட்டுப் போறதுன்னு அவங்களும் கதவுக்குப் பின்னாடி வச்சிட்டு முழிச்சிருக்காங்க. நம்மதையும் எடு, வண்டி போயிடப் போகுது."

நான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பைகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

கீழே எல்லோரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.