மதில்மேல் சேனாதிபதி

"உங்க சேனாதிபதியைக் கீழ இறங்கி வரச் சொல்லு. இல்லைன்னா பவளத் திட்டுல நிக்கிற எங்க ஆளுங்க நாப்பது பேரும் உள்ள வந்துடுவாங்க," என்றான் நிலத்திலிருந்து வந்த வீரன்.

கடலடியில் இருக்கும் ஓர்மஸ் நகரின் வாசலில் சிப்பி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "முதல்ல அந்த ஜாடியை எடுத்த இடத்துல வை," என்றாள்.

அவன் அசடு வழிய ஜாடியை வைத்தான். நிலத்து வீரர்களின் குணமே இதுதான். கண்ணில் படும் ஜாடியை எல்லாம் திறப்பார்கள், காரணமில்லாமல் குதிப்பார்கள், செத்துப்போனால் மறுநாள் அதே வாளோடு வந்து நிற்பார்கள். பெயர் தலைக்கு மேலேயே மிதக்கும். இவன் பெயர் 'இருள்வாள் 77'. இதே பெயருக்கு இவனுக்கு முன்பே எழுபத்தாறு பேர் ஆசைப்பட்டிருக்கிறார்கள் போல. கடல்வாசிகளான தெலூனியர் எங்களுக்கு அந்தத் தொல்லை எல்லாம் கிடையாது.

அவர்களுக்கு இது விளையாட்டு, எங்களுக்கு ஊர். இடுப்புக்குக் கீழே பத்து முழப் பாம்பு வால் கொண்ட எங்கள் இனம், அவர்கள் நீந்தக் கற்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த மதிலைக் கட்டி முடித்துவிட்டது.

அன்றைக்கு அந்த மதிலுக்குப் பின்னால் முந்நூறு முட்டைகள் இருந்தன. பொரிய இன்னும் இரண்டு நாள் வேண்டும், அதுவரை தொட்டு நகர்த்தக்கூடாது. படையோ வடகடலுக்குப் போயிருந்தது. நாற்பது பேர் உள்ளே நுழைந்தால் ஒரு முட்டைகூட மிஞ்சாது.

இருள்வாள் அண்ணாந்து பார்த்தான். மதிலின் உச்சியில் சேனாதிபதி இஷ்ரேனாவின் செம்பவளக் கவசம் நீருக்குள் இறங்கிய உச்சிவெயிலில் மின்னியது. பக்கத்தில் கடல் முழுக்கப் பேர் பெற்ற அந்த ஈட்டி. தலைக்கவசத்துக்குள் இருந்த முகம் கீழே அவனையே பார்த்தபடி இருந்தது.

"கூப்பிட்டா பேச மாட்டாங்களா?"

"உன்கிட்டயா?" சிப்பிக்காரி சிரித்தாள். பாசிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கத்தியைத் தடவித் தேடி எடுத்தாள். அவள் கண்களில் பால் படர்ந்தாற்போல் ஒரு மங்கல். "நீ எத்தனாவது லெவல்?"

"அறுபது."

"அறுபதா, சந்தோஷம். போய் நூறு ஆயிட்டு வா. அப்ப அவங்க திரும்பிப் பாப்பாங்களான்னு கேட்டுச் சொல்றேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. வாளை உருவி அவள் கழுத்துக்கு நேரே நீட்டினான். "நாக்கு ரொம்ப நீளுது உனக்கு."

வாசல்காரன் தோவன் பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தான். அவன் வால்மேல் தன் வாலைப் போட்டு அழுத்தி நிறுத்தினாள் அவள். "சும்மா இரு. தம்பி விளையாட வந்திருக்கு, விளையாடட்டும்."

"அக்கா, அவன் கையில..." என்றான் தோவன். அந்த 'அக்கா' அவன் வாயில் ஒட்டவே இல்லை.

"சிப்பி உரிக்கிறவளை வெட்டிட்டு ஊருக்குப் போய் என்னன்னு சொல்லுவே?" என்று அவள் வீரனைக் கேட்டாள். "ஆறு பெரும்போர்ல முன்வரிசையில நின்னவங்க மேல நிக்கிறாங்க. உனக்குத் தைரியம் இருந்தா அங்க காட்டு."

வீரன் வாளை உறையில் போட்டுவிட்டு வில்லை எடுத்தான். தோவன் கண்ணை மூடிக்கொண்டான். அம்பு குமிழிகளைக் கிழித்துக்கொண்டு மேலே போய், கவசத்தின் இடுக்கில், மார்பின் நடுவே ஆழமாகத் தைத்தது.

மதில்மேல் சின்ன அசைவுகூட இல்லை. முகம் சுளிக்கவில்லை, ஈட்டி சாயவில்லை.

இருள்வாளின் வாய் பிளந்தது. "எண் வரலையே," என்றான்.

"என்ன எண்?"

"யாரை அடிச்சாலும் எவ்வளவு அடி விழுந்துச்சுன்னு ஒரு எண் மேல வரும். நத்தையை அடிச்சாக்கூட மூணுன்னு காட்டும். இவங்களுக்கு ஒண்ணுமே காட்டல. பூஜ்யம்கூட வரல."

"வராது," என்றாள் அவள் அடுத்த சிப்பியைப் பிளந்தபடி. "இன்னொரு அம்பு விட்டுப் பாக்குறியா? அவங்களுக்குப் பொறுமை ஜாஸ்திதான். ஆனா கீழ இறங்கி வந்தாங்கன்னா நாப்பது பேர் பத்தாது."

அவன் இன்னொரு அம்பு விடவில்லை. திரும்பிப் பார்க்காமல் நீந்தினான். சற்று நேரத்தில் பவளத் திட்டிலிருந்து நாற்பது பேரும் குமிழி கக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். கடைசிக் குமிழி உடையும்வரை தோவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போயிட்டாங்க," என்றான். "உள்ள போய் மறைவா இருங்கன்னு எவ்வளவு சொன்னேன். அவன் வாளை நீட்டினப்போ என் உயிரே போயிடுச்சு."

"முட்டை உள்ள இருக்கும்போது என் வாசலை விட்டுட்டு நான் ஒளியணுமா?" அவள் தடுமாறித்தான் எழுந்தாள். தோவன் கை கொடுக்க வந்தான், வேண்டாம் என்று தலையசைத்தாள். போர்வை நழுவியது. தொட்டாலே கிழிந்துவிடும்போல் இளந்தோல் பளபளத்தது. ஆனாலும் அவள் நிமிர்ந்து நின்ற விதத்தைப் பார்த்துத் தோவன் தானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"மேல போய் அந்த அம்பை மெதுவா உருவு, உள்ள திணிச்ச மணல் கொட்டிடப் போகுது," என்றார் சேனாதிபதி இஷ்ரேனா. "நேத்து நான் உரிச்சுப்போட்ட சட்டை, இன்னும் ரெண்டு நாள் அங்க நின்னாகணும்."