வெட்ட வேணாம் மேடம்

"அன்வர் பாய் மட்டும் இருந்திருந்தா இந்த அநியாயம் நடக்குமா? அவர் போய் எட்டு மாசமாச்சு. இன்னும் மனசு ஆறலை எனக்கு" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஸ்வர்ணலதா.

"ஏதோ செத்தே போயிட்ட மாதிரி அழறியே? வாட்ஸ்ஆப் குரூப்பை விட்டுத்தானே போனார்?" என்றார் கணவர் தனபாலன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவருக்கு என்ன தெரியும்? கோட்டூர்புரத்தில் அவர்கள் அபார்ட்மென்ட் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் மேல் மெஷின் ரம்பம் உறுமிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டும் முகத்தைச் சுற்றிய துண்டுமாக ஓர் ஆள், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உச்சிக்கிளையை அறுத்துக்கொண்டிருந்தார்.

போன வார மழையில் மரம் டிரான்ஸ்பார்மர் பக்கம் சாய்ந்துவிட்டதாக செக்ரட்டரி ஸ்ரீஹரிக்குச் சந்தேகம். அனுமதி வாங்கி, காண்ட்ராக்டரைப் பிடித்து, ஆளையும் ஏற்றிவிட்டார். "மரத்தைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது வந்து வேணாம்னு சொல்லட்டும் மேடம், இப்பவே நிறுத்திடறேன். நீங்க பேங்க்ல இருந்தவங்க, உங்க பேச்சைக் கேட்டு எப்படி நிறுத்தறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஸ்வர்ணலதா அட்மினாக இருந்து நடத்தும் 'நம்ம தெரு நிழல்' குரூப்பில் முந்நூறு பேர். கேள்வி கேட்க அத்தனை பேரும் உண்டு. பதில் சொல்ல ஒரே ஒருவர்தான், ஈக்காட்டுத்தாங்கல் அன்வர் பாஷா. மரம் வெட்டுவது அவர் தொழில். எழுத வராது, எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான்.

மாமரம் காய்க்கவில்லையா, வேம்பில் பிசின் வடிகிறதா, போட்டோ போட்ட பத்தாவது நிமிடம் அவர் குரல் வந்துவிடும். பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான். "மரம் நல்லா கீது, வெட்ட வேணாம் மேடம்." உடனே முந்நூறு பேரும் கைகூப்பிப் பூப்பூவாய் அனுப்பிவைப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் நாலு வருடம் இருந்துவிட்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டார். யார் என்ன சொல்லி நோகடித்தார்கள் என்று ஸ்வர்ணலதா பழைய மெசேஜ்களையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தாள். ஒரு சுடுசொல் கிடையாது.

இருக்கவும் வழியில்லை. அவள் நடத்தும் குரூப் அவ்வளவு ஒழுங்கு. காலை வணக்கம், புடவை விற்பனை, வேலை கேட்பது, ஜாதகம், வீட்டுச் சாப்பாடு, எதுவானாலும் கண்ணில் பட்ட நொடியில் அழித்துவிடுவாள். போட்டது யார் என்றுகூடப் பார்ப்பதில்லை. பெயரைப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

கோபித்துக்கொண்டு போனவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று இத்தனை நாள் கூசியவள், இன்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். மூன்று முறையும் முழுசாக அடித்து ஓய்ந்தது. 'அன்வர் பாய் வீடு யாருக்காவது தெரியுமா? அவசரம்' என்று குரூப்பில் போட்டாள். நாற்பது பேர் அழுகிற முகம் போட்டார்கள். வீடு ஒருவருக்கும் தெரியவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு லைப்ரரி பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஈக்காட்டுத்தாங்கல்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது கிளை என்று சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் இதுவரை பார்த்திராத வெயில் அடித்தது. அடிமரத்திலும் பாதி வரை ரம்பம் இறங்கியிருந்தது. பெட்ரோல் தீர்ந்து, அந்த ஆள் மெஷினைக் கீழே வைத்திருந்தார்.

"ஐயா, ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்களேன்!" மூச்சு வாங்கக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தெரிஞ்சவர் ஒருத்தருக்கு போன் போட்டிருக்கேன். அவர் மட்டும் எடுத்துட்டாப் போதும்…"

அந்த ஆள் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக முகத்துத் துண்டை இறக்கினார். "மூணு தபா கூப்ட்டுக்கிறீங்க மேடம். மேல மெஷின் சத்தத்துல கேக்கல."

முகம் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரல்! ஸ்வர்ணலதா இரண்டடி முன்னால் வந்தாள். "அன்வர் பாய்! நீங்களா? உங்க கையாலயா? இந்த மரத்துக்கு என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல மேடம். சாயவே இல்ல, வளந்த வாட்டமே அப்டித்தான். ஏறதுக்கு மின்னாடியே காண்ட்ராக்டராண்ட சொன்னேன். உனுக்கு இஷ்டமில்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னாரு."

"இப்பவாவது செக்ரட்டரிகிட்ட சொல்லுங்க பாய், நிறுத்திடுவார்!"

"பாதி அறுத்தாச்சே மேடம். இனிமே நிக்கவுட்டாதான் ஆபத்து."

அவளுக்கு அழுகையை அடக்க முடியவில்லை. "நீங்க குரூப்ல இருந்திருந்தா நேத்தே கேட்டிருப்பேனே! ஏன் பாய் போனீங்க? யார் உங்களை என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல மேடம்." பெட்ரோல் ஊற்றி மூடியைத் திருகினார். "நாலு வருசமா வெட்ட வேணாம், வெட்ட வேணாம்னே சொல்லிக்கினு இருந்தா, அப்பால யாரு வேலைக்குக் கூப்புடுவாங்க? எம் பொண்ணு ரூஹியாண்ட சொல்லி, எதுனா வேலை இருந்தா குடுங்கன்னு எழுதி ஒருவாட்டி போட்டேன்."

துண்டை மறுபடியும் முகத்தில் ஏற்றிக்கொண்டு மெஷினைத் தூக்கினார்.

"அதத்தான் மேடம் நீங்க அழிச்சிட்டீங்க."