இருமொழி மேதை

ஸ்பானிஷ் பேசும் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஆர்லாண்டோவுக்கு வந்து ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் எவெலியோ, தலை நரைத்த பிறகு இருமொழிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் தேறினால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் சூப்பர்வைசர் பதவி. அன்றிலிருந்து கொட்டாவிகூட ஆங்கிலத்தில்தான் விட்டார்.

ரிசல்ட் அன்று முகம் தொங்கியது.

"என்னய்யா, ஊத்திக்கிச்சா?" என்றாள் மனைவி நெரெய்டா.

"ஒண்ணுல பாஸ். ஒண்ணுல அவுட்டு."

"இந்த வயசுல இங்கிலீஷ் நாக்குல ஏறாதுன்னு அப்பவே சொன்னேன். டீச்சரம்மா என்ன சொன்னாங்க?"

"தினமும் வீட்டுல யார்கூடவாவது பேசிப் பழகச் சொன்னாங்க. உங்கம்மாவுக்குப் போன் போடு."

"எங்கம்மாவா? போர்ட்டோ ரிக்கோவைத் தாண்டாதவங்க. இங்கிலீஷ்ல 'யெஸ்'கூடத் தெரியாதே!"

எவெலியோ சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இங்கிலீஷ்ல நான்தான் முதல் மார்க். போனது ஸ்பானிஷ்."

"நம்ம தாய்மொழியிலயா!"

"கம்பளத்தை மெஷின் போட்டுச் சுத்தம் பண்ணினேன்னு எழுதணும். ஓட்டல்ல பேசற மாதிரியே, 'வேக்யூம்', 'கார்பெட்'ங்கற இங்கிலீஷ் வார்த்தைக்கு ஸ்பானிஷ் வாலை ஒட்டி விட்டேன். அது சுத்த ஸ்பானிஷ்ல 'ஃபைலுக்குத் தடுப்பூசி போட்டேன்'னு அர்த்தமாயிடுச்சாம். என்னை மாதிரி மேதை உண்டா, சொல்லு!"

நெரெய்டா சிரித்துச் சிரித்துச் சோபாவில் விழுந்தாள்.

"அதானா! போன வாரம் உன்கிட்ட போன்ல பேசிட்டு அம்மா பூரிச்சுப் போனாங்க. 'மாப்பிள்ளை இங்கிலீஷ்ல பொளந்து கட்டறார்டி, எனக்கு ஒரு வார்த்தை புரியல'ன்னாங்க!"

"அடிப்பாவி, நான் ஸ்பானிஷ்லதானே பேசினேன்!"