பூவரச இலை

பருந்துக்கு ஒரே எரிச்சல். மனைவிக்குக் கண்ணில் நீர் வடிகிறதே என்று கொக்கு வைத்தியரிடம் துணைக்கு வந்தால், "வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் உட்காருங்க, பார்த்துடலாம்" என்கிறது கொக்கு.

"எனக்கா? மேகத்துக்குப் பக்கத்திலிருந்தே எலியோட மீசையைப் பார்க்கிறவன் நான். வலியில்லை, உறுத்தலில்லை. எனக்கெதுக்குச் சோதனை?"

"வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினா தேய்ஞ்சா போயிடுவீங்க?" என்றது மனைவி.

முனகிக்கொண்டே உட்கார்ந்தது பருந்து. கொக்கு ஒரு பூவரச இலையை எடுத்து அதன் இடக்கண்ணை மூடியது.

"எதிரே என்ன தெரியுது?"

"புளியமரம். உச்சிக்கிளையில் ஒரு கட்டெறும்பு. அது வாயில் அரிசிக் குருணை. போதுமா?"

இலை வலக்கண்ணுக்கு மாறியது.

"இப்போ?"

பருந்து சிரித்துவிட்டது. "நல்ல வைத்தியர் நீங்க! ரெண்டு கண்ணையும் மூடிட்டு என்ன தெரியுதுன்னு கேட்டா எப்படி?"

யாரும் சிரிக்கவில்லை. மனைவி விசும்புவது மட்டும் கேட்டது.

"ஏய், எதுக்கு அழறே? வைத்தியரே, விளையாடினது போதும். இலையை எடுங்க."

"ஒரு கண்ணைத்தாங்க மூடியிருக்கேன்" என்றது கொக்கு.