ஸ்காபரோ என்றொரு பெயர்

கதவு தட்டும் சத்தம் கேட்டதுமே பிரியந்தன் மடியிலிருந்த குழந்தையின் முகத்தைச் சால்வையால் மூடினான். "பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல், கிட்ட வராதேங்கோ" என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

வந்தவர் மேல்மாடி எட்வேட் அண்ணை. அடர்ந்த மீசை, கொஞ்சம் மூக்கால் வருகிற பேச்சு. அவர் குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், பிரியந்தனின் மனைவி நிலாணி கொடுத்த தேநீரோடு சோபாவில் உட்கார்ந்தார்.

"எங்கடை ஸ்காபரோ நகரத்தை ரொறன்ரோவோடை சேர்க்கப்போகினமாம் தம்பி. பேரும் போயிடுமோ எண்டுதான் எனக்குக் கவலை."

"போனாப் போகட்டும் அண்ணை. வெள்ளைக்காரன் வைச்ச பேர்தானே?"

"அவன் இங்கிலாந்திலை இருக்கிற ஊர் ஒண்டின்ரை பேரைக் கொண்டுவந்து வைச்சவன். அந்த ஊருக்கு, கடலாலை வந்த ஒரு வைக்கிங் வீரன்ரை பட்டப்பேர் எண்டு சொல்லுவினம். ஸ்கார்தி. ஸ்கார்தியின்ரை கோட்டைதான் ஸ்காபரோ."

"ஸ்கார்தி எண்டால்?"

எட்வேட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உதடு பிளந்தவன்."

பிரியந்தனுக்குக் காது இரண்டும் சுட்டன. அந்த நேரம் பார்த்துக் குழந்தை சிணுங்கிச் சால்வையை உதறியது. ஒப்பரேசன் முடியும்வரை ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று, ஊருக்கு அனுப்ப ஒரு படம்கூட எடுக்காமல் அவன் ஒளித்து வைத்திருந்த பிளந்த மேலுதடு, பகல் வெளிச்சத்தில் அப்படியே தெரிந்தது.

"பாத்தீரே தம்பி, ஒரு நகரமே அவன்ரை பேரிலை..." எட்வேட் சிரித்தபடி குழந்தையை நோக்கிக் கையை நீட்டினார்.

"எழும்புங்கோ!" பிரியந்தன் கதவைக் காட்டினான். "என்ரை பிள்ளையை நக்கலடிக்கவோ வந்தனீங்கள்? வெளியிலை போங்கோ!"

எட்வேட் எழுந்தார். சப்பாத்துக் கயிற்றைக்கூடக் கட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"ஆர் அந்தாளுக்குச் சொன்னது?" பிரியந்தன் மனைவியிடம் பாய்ந்தான்.

"நான்தான். வரச்சொன்னதும் நான்தான்."

"உமக்கு வெக்கமா இல்லையே?"

நிலாணி குழந்தையைத் தூக்கி, அதன் உதட்டில் முத்தமிட்டாள்.

"அவருக்கும் பிறக்கேக்கை இப்பிடித்தானப்பா."