ஆணி அடித்த ஜன்னல்கள்

"ஒருத்தியும் உள்ள கால் வைக்கப்போறதில்ல, சார்!"

தையல் கம்பெனி வாசலில் நின்று சொன்னாள் காலர் அக்கா. சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் வந்த பெயர். அவளுக்குப் பின்னால், கைக்கெட்டாத தூரம் விட்டு, முகக்கவசத்தோடு தையல்காரிகள் அத்தனை பேரும் நின்றார்கள். தொற்றுக்காக மூடிய கம்பெனி அன்றைக்குத்தான் மறுபடி திறக்கிறது.

"என்னது?" சூப்பர்வைசர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அந்தத் தொண்டைக்காகவே அவருக்கு 'சைரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "கதவு திறந்தாச்சு, கரண்ட் போட்டாச்சு. மகாராணிக்கு இன்னும் என்ன வேணும்? ரத்தினக் கம்பளம் விரிக்கணுமா?"

"கம்பளம் வேணாம். காத்து வேணும்."

மாடிப்படியில் நின்றிருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். சைரன் அவருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"காத்தா? வெள்ளைத் துணியில தூசி விழும்னுதானே எல்லா ஜன்னலுக்கும் ஆணி அடிச்சு வெச்சிருக்கு? அதைப் பிடுங்கணுங்கறியா?"

"அதேதான் சார். தூசி விழுந்தா துவைச்சுக்கலாம். ஆள் விழுந்தா?"

"அயர்ன்காரர் விழுந்தாரே, எழுந்தாரா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அயர்ன் மேஜையில் நின்ற அந்த மனுஷன் நோய் வந்த புதிதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சைரனுக்குக் கூடப் பிறந்த அண்ணன்.

சைரன் ஒரு கணம் தரையைப் பார்த்தார். பிறகு இன்னும் பெரிதாகக் கத்தினார். "பழைய கதையெல்லாம் இங்க பேசக் கூடாது!"

"பாவி! சொந்த அண்ணனைத் தூக்கிக் கொடுத்தவன் பேசற பேச்சா இது?" என்று முணுமுணுத்தாள் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்காரி. "நெஞ்சுல ஈரமே இல்லடி."

"ஈரம் ஏது? மெஷின் எண்ணெய்தான் இருக்கும்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

சைரன் விடுவதாக இல்லை. "ஜன்னலைத் திறந்தா அடுத்தது என்ன? மெஷினோட மெஷின் இடிச்சுக்கிட்டுக் கிடக்கு, ஒண்ணு விட்டு ஒண்ணுலதான் உட்காருவோம்பியா? பாதிப் பேர் காலையில, பாதிப் பேர் மத்தியானம்னு ஆடி அசைஞ்சு வருவீங்களோ?"

"நல்ல யோசனையா இருக்கே! அப்படியே வரோம்."

"வாசல்ல சோப்பும் தண்ணியும் வெச்சு, கையில ஊத்திவிட ஓர் ஆளும் போடணுமா?"

"ஆள் எதுக்கு? குழாய் போட்டாப் போதும், நாங்களே கழுவிக்குவோம்."

"உடம்பு சுட்டா வீட்டுல நீட்டிப் படுத்துக்கிட்டே சம்பளமும் வாங்குவே!"

"பின்னே? சுடற உடம்போட வந்து பக்கத்து மெஷின்காரிக்கும் ஒட்டிவிடவா?"

கவசங்களுக்குள் சிரிப்பு குலுங்கியது.

"சிரிப்பா இருக்கா? நின்ன இடத்துலயே உன் வேலை போயிடும்! புருஷன் படுத்த படுக்கை, சம்பாதிக்கறது நீ ஒருத்தி. ஞாபகம் இருக்கட்டும்!"

காலர் அக்கா சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாபகம் இருக்கறதாலதான் சார் நிக்கறேன். வேலை போனா வேற வேலை தேடுவேன். நான் போயிட்டா அவருக்கு வேற யாரைத் தேடுவீங்க?"

சைரன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "முதலாளி! இவங்களோட மல்லுக்கட்ட நம்மால ஆகாது. மொத்தப் பேரையும் இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன். புது ஆளாப் பார்த்துப் பிடிச்சு, காலர் தைக்கக் கத்துக்கொடுத்து, சரக்கை மெதுவா அடுத்த வருஷம் அனுப்பிக்கலாம்!"

முதலாளி தடதடவென்று இறங்கி வந்தார்.

"அடுத்த வருஷமா? யோவ், உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வாயை மூடு!" காலர் அக்காவிடம் குரல் இறங்கியது. "இங்க பாரும்மா. ஜன்னல், இடைவெளி, சோப்பு, காய்ச்சல்னா சம்பளத்தோட லீவு. அவ்வளவுதானே?"

"நல்லா யோசிச்சுக்கோ!" சைரன் குறுக்கே பாய்ந்தார். "அப்புறம் வயித்துக்கு அது, வாய்க்கு இதுன்னு வந்து நிக்கக் கூடாது!"

"இல்ல முதலாளி. அவ்வளவுதான்."

சைரன் படீரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஏன்யா அடிச்சுக்கறே? போய் ஆணியைப் பிடுங்கு!" என்றார் முதலாளி.

சைரனே சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆளில்லாத அயர்ன் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில்தான் ஆரம்பித்தார். துருப்பிடித்த ஆணி கிறீச்சென்று வெளியே வந்ததும் வாசலில் கைதட்டல் எழுந்தது.

"எப்படி மூக்கறுத்தா பாத்தியா!" என்றாள் ஓவர்லாக்காரி.

மத்தியானம், வாசலில் அவசரமாகப் பொருத்திய குழாயில் காலர் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். சைரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வந்து, நாலடி தள்ளி நின்றார். அந்தத் தொண்டை இவ்வளவு தாழ்ந்து பேசும் என்று சொன்னால் கம்பெனியில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

"என்னக்கா நீங்க! நேத்து போன்ல படிச்சுப் படிச்சுச் சொல்லிக்கொடுத்தும் சாப்பாட்டு ரூமை விட்டுட்டீங்களே! அந்தப் பொந்துல எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிட்டுத்தானே எங்கண்ணன் போனான்? பரவாயில்ல, நாளைக்குக் காலையில மறுபடியும் வாசல்ல நில்லுங்க... நான் இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டறேன்."