சனிக்கிழமை அடுப்பு

நஜீபா தீக்குச்சியைக் கிழித்தாள். அணைந்துபோனது. இன்னொன்றைக் கிழித்தாள்.

சனிக்கிழமைகளில் லூனா நெருப்பைத் தொடமாட்டாள். யூதர்களுக்கு அது ஓய்வுநாள். பற்றவை என்று வாய்விட்டுக் கேட்பதும் தப்பு. அதனால் அடுத்த வீட்டு அரபுப் பெண் நஜீபா தானாகவே வந்து அடுப்பு மூட்டிவிட்டுப் போவாள். பாலஸ்தீனத்து ஹைஃபாவின் அந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

இன்று அவள் வந்தது அடுப்புக்காக அல்ல.

"இருட்டினதும் துப்பாக்கியோட வருவோம்," என்று தம்பி ஃபௌஸி சொல்லியிருந்தான். "லூனா வீட்டு மொட்டைமாடி கிடைச்சா தெருவே நம்ம கையில. நீ வாயைத் தொறந்தே, சாகப்போறது நான்தான்."

எப்படித் திறக்காமல் இருப்பது? லூனாவின் மகன் நிசீம் நடை பழகியதே நஜீபா வீட்டு முற்றத்தில்தான்.

இன்று ராத்திரி இங்கே இருக்காதே அக்கா என்று ஒரு வார்த்தை. தொண்டை வரை வந்துவிட்டது.

அப்போது லூனா அவள் தோளைத் தொட்டாள்.

"நஜீபா, லெபனான்ல, சைதாவுல உன் அக்கா இருக்காள்ல? பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாயேன். இன்னைக்கே போ. வீட்டை நான் பாத்துக்கறேன்."

முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நஜீபாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஓஹோ, வீட்டைப் பார்த்துக்கொள்வாளாம். இவர்களுக்கு நம் வீடு வாசல்தான் வேண்டும் என்று தெருவே சொன்னது. லூனா அப்படி இல்லை, லூனா அப்படி இல்லை என்று ஊர் வாயை அடைத்துக்கொண்டிருந்தவள் நஜீபா ஒருத்திதான். பைத்தியக்காரி.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடிய வெள்ளைக்காரனோ ஆட்சியை விட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு துறைமுகத்தில் கப்பலேறிக்கொண்டிருந்தான். இரண்டுபட்ட ஊர் மட்டும் இங்கேயே கிடந்தது.

"அது என் புருஷன் கட்டின வீடு. நான் எதுக்குப் போகணும்?"

தொண்டையில் நின்றதை விழுங்கிவிட்டு நஜீபா வெளியே வந்தாள். லூனா வாசல் வரை பின்னால் வந்தாள். நஜீபா திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்தது. பிள்ளைகளை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு, லூனா வீட்டுப் பக்கத்துச் சுவரில் காதை வைத்தாள். போகட்டும், நமக்கென்ன என்று சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா? இன்னும் முழுசாக இருட்டவில்லை.

கதவு உடைந்தது.

அவள் வீட்டுக் கதவு.

துப்பாக்கியோடு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் நின்றவன் முகத்தைத் துணியால் மூடியிருந்தான். குரலை எதைக் கொண்டு மூடுவது?

"மாடிக்கு வழி விடுங்க சின்னம்மா," என்றான் நிசீம். அழுதுவிடுவான் போலிருந்தது. "போயிருப்பீங்கன்னு நெனச்சேன். காலையிலேயே அம்மா உங்ககிட்ட சொல்லலையா?"

நஜீபா பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்தாள். "உங்கம்மா..." என்று தொடங்கினாள்.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதவு உடைகிற சத்தம் கேட்டது.